புதுப்பிப்பு: டொராண்டோ கறிவேப்பிலை பிழைத்துவிட்டது

ஜனவரியில் இங்கே கேட்டிருந்தேனே, வீட்டுக்குள் வைத்த கறிவேப்பிலைச் செடி இலையெல்லாம் கொட்டி வெறும் குச்சியாக நிற்கிறது, செத்துவிட்டதா என்று. சாகவில்லை! நீங்கள் சொன்னபடி நகத்தால் தண்டை லேசாகச் சுரண்டினேன், உள்ளே பச்சை தெரிந்தது. தப்பு தண்ணீரில்தான். மதுரை வெயிலில் தினமும் ஊற்றிப் பழகியவள், இங்கே குளிரில் தூங்கும் செடிக்கும் அப்படியே ஊற்றியிருக்கிறேன், வேர் அழுகத் தொடங்கியிருந்தது. அப்புறம் விரலை விட்டுப் பார்த்து, இரண்டு அங்குலம் மண் காய்ந்தால் மட்டுமே ஊற்றினேன். ஏப்ரல் கடைசியில் கணுவில் அரிசி அளவுக்கு ஒரு துளிர், இப்போது ஏழு ஈர்க்கு!

மே மூன்றாம் வாரம் விக்டோரியா தின விடுமுறை வரை வெளியே வைக்காதே, உறைபனி விழலாம் என்று பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா சொன்னார். சரி என்று பொறுத்தேன். இப்போது பகலில் இரண்டு மணி நேரம் நிழலில் வைக்கிறேன், இரவு 10 டிகிரிக்குக் கீழே போனால் உள்ளே எடுத்துவிடுவேன். நேற்று ஒரு ஈர்க்கு கிள்ளி ரசத்தில் போட்டதும் வீடெல்லாம் அம்மா சமையல் வாசம். தண்டில் பழுப்புப் புள்ளியாக ஒட்டியிருக்கும் செதில் பூச்சியை ஈரத்துணியால் துடைத்து வருகிறேன், அது ஒழிந்ததும் பெரிய தொட்டிக்கு மாற்ற வேண்டும்.