திமிங்கிலம் பார்க்க ஜூனா, செப்டம்பரா?

கேள்வி:
ஆஸ்திரேலியக் கிழக்குக் கரையில் கூன்முதுகுத் திமிங்கிலங்கள் வலசை போவதைப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. அம்மாவும் வருகிறார், அவருக்குப் படகு ஒத்துக்கொள்ளாது. கரையில் நின்றே பார்க்க முடியுமா? எந்த மாதம் நல்லது?

பதில் 1:
தாராளமாக முடியும். பைரன் முனைக் கலங்கரை விளக்கம், சிட்னியில் நார்த் ஹெட் இரண்டுமே நல்ல உயரமான இடங்கள். ஜூன், ஜூலையில் அண்டார்க்டிக் பக்கமிருந்து வடக்கே வெதுவெதுப்பான கடலுக்கு இணை சேரவும் குட்டி போடவும் கூட்டமாகப் போகும், அப்போது எண்ணிக்கை அதிகம். செப்டம்பர், அக்டோபரில் தாயும் குட்டியும் தெற்கே திரும்பும்; குட்டிக்காக மெதுவாக, பெரும்பாலும் கரையை ஒட்டியே வரும். என்னைக் கேட்டால் செப்டம்பர்தான்.

பதில் 2:
காற்றில்லாத காலையாகப் பார்த்துப் போங்கள், அலை நுரைத்தால் திமிங்கிலம் மூச்சுவிடும்போது எழும் நீர்ப்புகை எது என்றே தெரியாது. எடுத்தவுடன் பைனாகுலரில் தேடாதீர்கள். வெறும் கண்ணால் புகையைப் பிடித்துவிட்டு அப்புறம் பைனாகுலரைத் திருப்புங்கள். வால் மேலே எழும்பி உள்ளே போனால் ஆழமாக மூழ்குகிறது என்று அர்த்தம், சில நிமிடம் கழித்து அது போகும் திசையில் கொஞ்சம் முன்னால் பாருங்கள்.

பதில் 3:
அம்மா படகுக்குச் சம்மதித்தால் குயின்ஸ்லாந்தில் உள்ள ஹெர்வி பே என்ற விரிகுடாவையும் யோசியுங்கள். க'காரி தீவு மறைப்பதால் அங்கே அலை குறைவு, தாயும் குட்டியும் தங்கி ஓய்வெடுக்கும் இடம் அது. படகுகள் 100 மீட்டர், குட்டி இருந்தால் 300 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது பொது விதி. நெருங்கிக் காட்டுகிறேன் என்பவர் படகில் தயவுசெய்து ஏறாதீர்கள், பால் குடிக்கும் குட்டியைத் தொந்தரவு செய்வது பெரிய பாவம்.