மறு: பாட்டில்நெக் – ‘குறுமடை’ன்னு வைக்கலாமா?

வணக்கம் நண்பர்களே,

கம்ப்யூட்டர்ல மொத்த வேகத்தையும் பிடிச்சு வைக்கற இடத்தை ‘பாட்டில்நெக்’ங்கறாங்க, அதுக்குத் தமிழ்ல என்ன சொல்லலாம்னு இந்த இழையில இதுவரைக்கும் வந்த சொல் எல்லாத்தையும் படிச்சேன். புட்டிக்கழுத்து, இடையூறு, நெரிசல், இடுக்கு, தடை. எனக்குத் தோணுறது ‘குறுமடை’. ஏன்னு சொல்றதுக்கு முன்னாடி அந்தச் சொல் எந்த வேலைக்கு வேணும்னு ஒரு தரம் பார்த்துடலாம், ஏன்னா சொல்லைப் பிடிச்சுக்கிட்டு பொருளை விட்டுட்டோம்னு படுது.

இழையில ஒரு தம்பி கேட்டது இதுதான். அவர்கிட்ட இருக்கறது நாலாம் தலைமுறை கோர் ஐ5 ப்ராசஸர், அதுல நாலே கோர் (கணக்கு போடற பகுதி), 8 ஜிபி டிடிஆர்3 ரேம், சுத்துற ஹார்ட் டிஸ்க், 2014-ல வந்த ஜிடிஎக்ஸ் 750 டிஐ கிராபிக்ஸ் கார்டு. கார்டை மட்டும் ஆர்டிஎக்ஸ் 3060-க்கு மாத்தினா புது கேம்லாம் ஓடுமா? அதுக்கு ஒருத்தர் “ப்ராசஸர் பாட்டில்நெக் ஆகும்”னு ஒத்தை வரியில பதில் போட்டார், அதைத் தமிழ்ல எப்படிச் சொல்றதுன்னு இன்னொருத்தர் கேட்டார், தம்பியோட கேள்வி அப்படியே நின்னுபோச்சு. ரெண்டையும் சேர்த்தே பேசலாம்.

கேம் ஓடும்போது ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் (திரையில அடுத்தடுத்து வர்ற ஒவ்வொரு படத்துக்கும்) ரெண்டு கட்டம் இருக்கு. எதிரி எங்க நிக்கறான், எந்தப் பொருள் எங்க விழுது, எதையெல்லாம் வரையணும்ங்கற கணக்கை சிபியு (ப்ராசஸர்தான்) போட்டு கார்டுகிட்ட கொடுக்கும், கார்டு வரையும். கார்டு இந்த ஃப்ரேமை வரைஞ்சுகிட்டு இருக்கும்போதே சிபியு அடுத்ததுக்குப் போயிடும், அதனால ரெண்டு நேரத்தையும் கூட்டக்கூடாது, எது அதிக நேரம் எடுக்குதோ அதுதான் வேகத்தை முடிவு பண்ணும். உதாரணத்துக்கு ஒரு கேம்ல சிபியு ஃப்ரேமுக்கு 20 மில்லிசெகண்டும் பழைய கார்டு 33 மில்லிசெகண்டும் எடுக்குதுன்னு வைங்க, கிடைக்கறது 30 எஃப்பிஎஸ் (செகண்டுக்கு 30 ஃப்ரேம்). புது கார்டு அதே ஃப்ரேமை 8 மில்லிசெகண்ட்ல வரைஞ்சிடுது. கார்டை மட்டும் பார்த்தா 120-க்கு மேல வரணும், ஆனா சிபியு 20 எடுக்கறதால 50-தான் வரும். இதுக்கு மேல கிராபிக்ஸைக் குறைச்சாலும் பெருசா ஏறாது. ரெசல்யூஷனை (படத்துல இருக்கற பிக்சல், அதாவது புள்ளி எண்ணிக்கையை) 1080பி-லேர்ந்து 1440பி-க்கு ஏத்தினா பிக்சல் கணக்கு 1.78 மடங்கு, கார்டுக்கு 14 மில்லிசெகண்ட் சுமார் ஆகும், அப்பவும் 20-க்குக் கீழதான், அதே 50 எஃப்பிஎஸ்ல படம் இன்னும் தெளிவா கிடைக்கும். 4கே-க்குப் போனா 1080பி-யைவிட நாலு மடங்கு பிக்சல், இப்ப கார்டுக்கு 32 ஆயிடும், வேகத்தைப் பிடிச்சு வைக்கறது மறுபடியும் கார்டு.

அதாவது அதே மெஷின், அதே கேம், ரெசல்யூஷன் மட்டும் மாறுது, பிடிச்சு நிக்கற இடமும் மாறிப்போகுது. நம்ம சொல்லுக்குள்ள இந்தக் குணம் இருக்கணும்ங்கறதுதான் என் கட்சி. “இந்த ப்ராசஸர் பாட்டில்நெக்”னு ஏதோ அந்தப் பொருளோட வியாதி மாதிரி பேசுறாங்க, அது தப்பு. சிபியு பேரையும் கார்டு பேரையும் போட்டா இத்தனை சதவீதம் பாட்டில்நெக்னு காட்டுற தளங்கள் இருக்கு, எந்த கேம், எந்த ரெசல்யூஷன்னு தெரியாம வர்ற அந்த நம்பரை நம்பி யாரும் எதையும் வாங்கிடாதீங்க.

இப்ப சொற்களுக்கு வருவோம். புட்டிக்கழுத்து நேர் மொழிபெயர்ப்பு, அர்த்தம் தெரிஞ்சவங்களுக்குத்தான் அர்த்தம் புரியும். நெரிசல் நல்ல சொல்தான், ஆனா நெரிசல்ங்கறது விளைவு, நமக்கு வேணும்ங்கறது அதுக்குக் காரணமான இடம், போதாததுக்கு நெட்வொர்க் பக்கம் அது ஏற்கனவே புழங்குது. இடையூறுன்னா வெளியிலேர்ந்து வர்ற தொந்தரவு மாதிரி கேக்குது. இடுக்கு கிட்ட வருது, சின்னதா அழகா இருக்கு, ஆனா அதுல ஓட்டம் இல்ல, சும்மா ஒரு குறுகலான இடம்.

மடைன்னா நீர் போற வழி. ‘மடை திறந்த வெள்ளம்’ வயலையே பார்க்காதவங்களுக்கும் தெரியும். குறுந்தகடு, குறுஞ்செய்தின்னு ‘குறு’வும் கணினிப் பக்கம் ஏற்கனவே பழகின முன்னொட்டு. ஏரியில எவ்ளோ தண்ணி இருந்தாலும் சின்ன மடை விடுற அளவுதான் வெளிய வரும், அதைப் பெருசு பண்ணினா அடுத்து எது சின்னதோ அது குறுமடை ஆயிடும். மேல சொன்ன மில்லிசெகண்ட் கணக்கு முழுக்க இதுக்குள்ள அடங்கிடுது. சேர்த்து எழுதவும் வசதி: நினைவகக் குறுமடை, வட்டுக் குறுமடை. செயலிக் குறுமடைன்னு சொல்லலாம்னு பார்த்தா ‘செயலி’ இப்ப ஆப்-க்கும் வந்துடுச்சு, ப்ராசஸருக்கு நுண்செயலின்னே எழுதறது நல்லது (இந்தக் குழப்பத்துக்குத் தனி இழை போடணும், ரொம்ப நாளா உறுத்துது).

அடுத்து ‘தடை’. அதைத் தூக்கிப் போட வேண்டாம், இன்னொரு பொருளுக்கு அது கட்டாயம் வேணும். அப்கிரேட் பண்றவங்க ரெண்டையும் கலந்துடறாங்க. குறுமடைன்னா ஓடும், மெதுவா ஓடும். தடைன்னா ஓடவே ஓடாது. டிடிஆர்4 ரேமை டிடிஆர்3 ஸ்லாட்ல சொருக முடியாது, வெட்டு இருக்கற இடமே வேற, அது தடை. 2024-ல வந்த இண்டியானா ஜோன்ஸ் கேமுக்கு ரே டிரேசிங் (ஒளி போற வழியைக் கணக்கு போட்டு வரையறது) வன்பொருள் கட்டாயம், அதனால 11 ஜிபி மெமரியோட 2017-ல ராஜாவா இருந்த ஜிடிஎக்ஸ் 1080 டிஐ கார்டுக்குக்கூட அங்க தடைதான், பலம் இருந்தும் பிரயோஜனம் இல்ல. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரோட பொது ஆதரவு முடிஞ்சது, விண்டோஸ் 11 நாலாம் தலைமுறை ப்ராசஸரை அதிகாரபூர்வமா ஏத்துக்காது, அதுவும் தடைக் கணக்குலதான் வரும். பவர் சப்ளையும் அப்படித்தான். 750 டிஐ 60 வாட், கார்டை சொருகற ஸ்லாட் கொடுக்கற 75 வாட்லயே ஓடிடும், 3060-க்கு 170 வாட், தனியா ஒயர் வேணும். பத்து வருஷப் பழைய சப்ளையில அந்த ஒயரே இல்லாம இருக்கலாம், இருந்தாலும் லோடு ஏறும்போது மெஷின் பொட்டுன்னு அணைஞ்சா அது மெதுவாகுற கேஸ் இல்ல.

அதனால தம்பி, முதல்ல தடை எதெல்லாம்னு பாருங்க, அப்புறம் குறுமடையைத் தேடுங்க. தேடுறதுக்கு வழி, வி-சிங்க் (திரையோட வேகத்துக்கு ஃப்ரேமைக் கட்டிப்போடற வசதி), எஃப்பிஎஸ் லிமிட் ரெண்டையும் அணைச்சுட்டு கேமை ஓடவிட்டு கார்டு எத்தனை சதவீதம் வேலை செய்யுதுன்னு பார்க்கறது. 97, 99-ல நின்னா குறுமடை கார்டுலதான் இருக்கு. 60, 70-ல தள்ளாடினா பெரும்பாலும் சிபியு பக்கம். சிபியு சதவீதத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீங்க, நாலு கோர்ல ஒரே ஒரு த்ரெட் (ஒரு கோர்ல ஓடற வேலை வரிசை) முழுசா திணறினாலும் மொத்தக் கணக்குல 25 சதவீதம்தான் காட்டும். சராசரி எஃப்பிஎஸ் நல்லா இருந்தும் நடுநடுவுல நின்னு நின்னு போனா ரேமையும் ஹார்ட் டிஸ்க்கையும் பாருங்க. 2020 கடைசியில வந்த டிவி கேம் கன்சோல்கள்ல எட்டு கோரும் எஸ்எஸ்டி-யும் (சுத்தாத, வேகமான வட்டு) இருக்கு, அதுங்களை மனசுல வச்சு எழுதுற கேம்களுக்கு நாலு கோரும் ஹார்ட் டிஸ்க்கும் பத்தறதில்ல. சைபர்பங்க் 2077 கூட 2023-ல வந்த 2.0 அப்டேட்லேர்ந்து குறைந்தபட்ச தேவையிலயே எஸ்எஸ்டி-ன்னு போட்டுட்டாங்க.

உங்க மெஷினுக்கு என் யோசனை, முதல்ல ஒரு சாட்டா எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க் ஒயர்லயே மாட்டற வகை) போடுங்க, நாளைக்கு மதர்போர்டு மாறினாலும் கூடவே வரும். ரேம் ஒரே குச்சியா இருந்தா இன்னொரு 8 ஜிபி சேர்த்து ரெண்டு சேனல்ல (ரெண்டு வழியிலயும் ஒரே நேரத்துல) ஓட்டுங்க, ஆனா புதுசா டிடிஆர்3-ல நிறைய செலவு பண்ணாதீங்க. 3060 வாங்கறதா இருந்தா சப்ளையோட சேர்த்து வாங்குங்க, 2022-க்கு முன்னாடி வந்த கேம்கள் பலதும் நல்லா ஓடும், அதுக்கு அப்புறம் வந்த பெரிய கேம்கள்ல குறுமடை சிபியு-வுக்கு வந்துடும்னு தெரிஞ்சே வாங்குங்க. போர்டு, ப்ராசஸர், ரேம் மூணையும் சேர்த்து மாத்தற நாள் வரைக்கும் ரெசல்யூஷனை ஏத்தி வச்சு அந்தக் கார்டை முழுசா பயன்படுத்திக்கலாம்.

குழுமத்துக்கு ஒரு கேள்வி பாக்கி. பெயர்ச்சொல்லா குறுமடை உக்காந்துடுது, வினை தான் இன்னும் சரியா அமையல. ‘குறுமடையாகுது’ நீளமா இருக்கு, ‘மடைபடுது’ன்னு சுருக்கினா “இந்த கேம்ல சிபியு மடைபடுது”ன்னு பேச்சுல வருமா? நீங்க நாலு வாக்கியத்துல போட்டுப் பார்த்துட்டு எழுதுங்க, இதைவிட நல்ல வினை இருந்தா அதையே வச்சுக்கலாம்.

அன்புடன்