350 நியூட்டன் மாஸ்க்கை இனியும் அனுமதிக்கலாமா?

பழைய ஃபாயில்:
ரொம்ப நாளாகவே எழுத நினைத்தது. வாள்வீச்சில் 350 நியூட்டன் (விசையின் அலகு) தாங்கும் என்று முத்திரையிட்ட மாஸ்க்கை எல்லா மட்டத்திலும் நிறுத்த வேண்டும் என்பது என் கருத்து. உலகக் கோப்பை மாதிரியான எஃப்.ஐ.இ. (சர்வதேச வாள்வீச்சுக் கூட்டமைப்பு) போட்டிகளில் 1600 முத்திரை இல்லாமல் பிஸ்ட்டில், அதாவது ஆடுகளத்தில், ஏற முடியாது. சின்னப் போட்டி, பயிற்சி என்று வந்தால் மட்டும் 350 போதும் என்று விட்டுவிடுகிறோம்.

1982-இல் ரோம் உலக சாம்பியன்ஷிப்பில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். விளாடிமிர் ஸ்மிர்னோவ், 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் ஃபாயில் (மூன்று வாள் வகைகளில் ஒன்று; மற்றவை எபே, சேபர்) தங்கம் வென்றவர். எதிரே ஆடிய மத்தியாஸ் பேரின் பிளேடு உடைந்து, உடைந்த முனை மாஸ்க் வலையைத் துளைத்து, கண் வழியாக மூளை வரை போய்விட்டது. சில நாட்களில் இறந்துபோனார். இன்று நாம் போடும் மாஸ்க், உடை, பிளேடு எல்லாவற்றின் விதிகளும் இறுகியதற்கு அந்தச் சாவுதான் காரணம். அந்தப் பாடத்தைப் பெரிய போட்டிக்கு மட்டும் வைத்துக்கொள்வது சரியா?

வலை பார்ப்பவன்:
ஐயா, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் வாதம் தொடங்கும் இடமே தவறு. பல வருடமாகப் போட்டிகளில் உபகரணச் சோதனை மேஜையில் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: மாஸ்க் முத்திரையில் இருக்கும் 350-உம் 1600-உம் பிப்புக்கு, அதாவது தாடைக்குக் கீழே தொண்டையை மறைத்துத் தொங்கும் துணிக்கு உரிய எண்கள். வலைக்குச் சோதனை வேறு. ஸ்மிர்னோவுக்கு முனை புகுந்தது வலை வழியாக. அந்த விபத்தைக் காட்டித் துணியின் எண்ணை உயர்த்தச் சொன்னால் எப்படி?

நாற்பது கைகள் மாற்றிப் போட்டு, நெற்றியில் பள்ளம் விழுந்து, உள்ளே துருப்பிடித்த 1600 மாஸ்க்கை நான் பார்த்திருக்கிறேன். அதைவிட நேற்று வாங்கிய 350 எனக்கு மேல்.

பழைய ஃபாயில்:
எண் துணிக்கானது என்பதை ஒப்புக்கொள்கிறேன், நான் விளக்கி எழுதியிருக்க வேண்டும். ஆனால் எஃப்.ஐ.இ. மாஸ்க் வாங்கும்போது துணி மட்டுமா கூடுதலாக வருகிறது? வலையும் துருப்பிடிக்காத எஃகில், கடினமான சோதனையைத் தாண்டித்தான் வருகிறது.

சரி, வலையைப் பற்றியே பேசுவோம். சோதனை மேஜையில் நீங்கள் வலையில் வைத்து அழுத்தும் பஞ்ச் என்ற கூர்முனைக் கருவி 12 கிலோ. அது ஏறக்குறைய 118 நியூட்டன். தொண்டைத் துணிக்கு 1600 கேட்கிறோம், அது 160 கிலோவுக்கும் மேல். கண்ணுக்கு முன்னால் இருக்கும் வலைக்கு 118 போதுமா? முழு வேகத்தில் பாய்ந்து வரும் ஒருவரின் உடைந்த பிளேடு 12 கிலோவோடு நின்றுவிடுமா?

வலை பார்ப்பவன்:
நல்ல கேள்வி. பலருக்கும் இந்தக் குழப்பம் உண்டு, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பஞ்ச் என்பது வலை எவ்வளவு தாங்கும் என்று அளக்கும் கருவி இல்லை. அந்தச் சோதனை தொழிற்சாலையில், மாஸ்க்கைப் பாழாக்கித்தான் நடக்கும். விதிப்படி வலைக்கம்பி குறைந்தது 1 மி.மீ. தடிமன், கம்பிகளுக்கு இடையிலான இடைவெளி அதிகபட்சம் 2.1 மி.மீ. பஞ்சின் கூம்பு முனையை அந்த இடைவெளியில் வைத்து அழுத்தும்போது, கம்பிகள் விலகி அப்படியே நின்றுவிட்டால் அவற்றின் வலு போய்விட்டது என்று அர்த்தம். அதாவது பழசானதால் வந்த நோயைக் கண்டுபிடிக்கும் சோதனை. முழு விசையில் அழுத்தினால் நல்ல மாஸ்க்கையும் நானே கெடுத்து அனுப்புவேன். அடிக்கடி பஞ்ச் செய்வதே வலையைத் தளர்த்துகிறது என்று குறைப்படும் ஆர்மரர்களும் (உபகரணங்களைச் சோதித்துப் பழுதுபார்ப்பவர்கள்) உண்டு.

என் கவலை வேறு. அவசரத்தில் முகத்துக்கு நேரே ரெண்டு இடத்தில் அழுத்திவிட்டு முத்திரை குத்துகிறோம். தாடையில் வலை மடங்கும் இடத்தையும் பள்ளம் விழுந்து நிமிர்த்திய இடத்தையும் யாரும் தொடுவதில்லை. கம்பி களைத்துப் போயிருப்பது அங்கேதான்.

சேபர்க்காரியின் அம்மா:
இருவரும் வலையையும் துணியையும் பற்றியே பேசுகிறீர்கள். என் மகளுக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஒரு போட்டியில் அவள் மாஸ்க் சோதனையில் தேறியது, முத்திரையும் விழுந்தது. இரண்டாவது ஆட்டத்தில் தலையில் விழுந்த வெட்டோடு பின்பட்டை கழன்று, மாஸ்க் நெற்றிக்கு ஏறிவிட்டது. எதிரில் இருந்த பெண் கையை நிறுத்திக்கொண்டாள். நிறுத்தாமல் இருந்திருந்தால்? அன்று காலையில் பஞ்ச் வைத்தவர் பின்பட்டையை இழுத்துக்கூடப் பார்க்கவில்லை.

2018-க்குப் பிறகு எஃப்.ஐ.இ. மாஸ்க்குகளில் பின்னால் இரட்டைப் பிடிப்பு கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்து அதுதான் சமீபத்தில் வந்த மிக நல்ல மாற்றம். 350 மாஸ்க்குக்கும் முதலில் அதைக் கட்டாயமாக்குங்கள். முகத்தில் இல்லாத மாஸ்க் 1600 ஆனால் என்ன, 16000 ஆனால் என்ன?

வலை பார்ப்பவன்:
அக்கா, நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு. மாட்டிக்கொண்டு தலையைக் குனிந்து உதறச் சொல்லிப் பார்க்க ஐந்து நொடி போதும்.

பயிற்சிக்கூடத்தான்:
நான் தொடக்கநிலைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவன். பழைய ஃபாயில் ஐயா சொல்கிறபடி நாளைக்கே 1600 கட்டாயம் என்றால் என் வகுப்பில் பாதிப் பேர் வர மாட்டார்கள். எட்டு வயதுப் பிள்ளை பிடிப்பது குட்டைப் பிளேடு, உடல் எடையும் கொஞ்சம். அந்த விசையையும், ஓடி வந்து பாயும் பெரியவரின் விசையையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமில்லை.

இன்னொன்று. மேலே இருந்து வரும் விதி என்பதற்காகவே அது பாதுகாப்பாகிவிடாது. முகம் தெரிய வேண்டும் என்று ஒளிபுகும் முகப்பு வைத்த மாஸ்க்குகளைக் கொண்டுவந்தார்களே, அதை ஃபாயிலிலும் எபேயிலும் பிறகு கைவிட வேண்டி வந்தது. காகிதத்தில் தேறுவதும் பிஸ்ட்டில் தாங்குவதும் ஒன்றல்ல.

பழைய ஃபாயில்:
எட்டு வயதுக்கு நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் அதே பிள்ளை பதின்மூன்று வயதில் முழு நீளமான 5-ஆம் எண் பிளேடைப் பிடித்து, ஆள் குறைகிற நாளில் பெரியவர்களோடு ஆடுகிறது. மாஸ்க் அதே 350.

இன்னும் முக்கியமானது பிளேடு. எஃப்.ஐ.இ. போட்டியில் ஃபாயிலுக்கும் எபேக்கும் மாரேஜிங் எஃகு கட்டாயம். அதில் விரிசல் மெதுவாகப் பரவும், எளிதில் உடையாது. பயிற்சியில் நம்மில் பெரும்பாலோர் பிடிப்பது சாதா எஃகு. அதிகம் உடையும் பிளேடு இருக்கும் இடத்தில்தான் குறைந்த மாஸ்க்கும் இருக்கிறது. வாரத்தில் ஐந்து நாள் அங்கே ஆடுகிறோம், போட்டி மாதத்தில் ஒரு நாள். இதற்கு யாராவது பதில் சொல்லுங்கள்.

பயிற்சிக்கூடத்தான்:
பிளேடு விஷயத்தில் என்னிடம் பதில் இல்லை. யோசிக்க வைத்துவிட்டீர்கள். 5-ஆம் எண் பிளேடுக்கு மாறும் அன்று மாஸ்க்கும் மாற வேண்டும் என்றால் நான் எதிர்க்க மாட்டேன். அதற்குக் கீழே உள்ள பிள்ளைகளைத் தொடாதீர்கள்.

வலை பார்ப்பவன்:
இதற்கு நானும் வருகிறேன், ஒரு நிபந்தனையோடு. 1600 வாங்கியவர்கள் அதைப் பத்து வருடம் பெட்டிக்குள் ஈரத்தோடு அடைத்து வைக்கக் கூடாது. வியர்வை உப்பு வலையைத் தின்னும். அராமிட் என்ற வலுவான செயற்கை இழை கலந்த பிப்பை பிளீச் போட்டு வெளுத்தால் இழை செத்துவிடும், வெயிலில் நாள்கணக்கில் காயப்போட்டாலும் அதேதான். வெளியே பார்த்தால் வெள்ளைவெளேர் என்று இருக்கும், முத்திரையும் பளிச்சென்று 1600 காட்டும். அந்த நிலையில் அது எவ்வளவு தாங்கும் என்று என் மேஜையில் சோதிக்க ஒரு வழியும் இல்லை.

பழைய ஃபாயில்:
பிளீச் விஷயம் எனக்குப் புதிது. எங்கள் கூடத்தில் பொது மாஸ்க்குகளை அப்படித்தான் துவைக்கிறார்கள். எத்தனை வருடமாக என்று கேட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.