புதுப்பிப்பு: 3 டெஸ்லாவில் கல்லீரல், வயிற்றில் நீர் இருந்தால்

கல்லீரலுக்கு 1.5ஐ விட 3 டெஸ்லா (காந்தத்தின் வலிமை அளவு) எம்ஆர்ஐ மேல் என்று முன்பு எழுதியதில் ஒரு திருத்தமுங்க. மகோதரம் (வயிற்றில் நீர் தேங்குவது) உள்ளவருக்குப் படத்தில் கல்லீரலின் இடது மடல் கறுத்து வருகிறதே என்று ஈரோட்டிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். விளிம்பே இல்லாமல் புகை படிந்தாற்போல இருந்தால் பெரும்பாலும் அலைக்கோளாறுதான். 3 டெஸ்லா எம்ஆர்ஐ அனுப்பும் 128 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலை உடலுக்குள் சுமார் 26 செ.மீ. நீளத்துக்குச் சுருங்கும், வயிற்றின் அகலமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அலைகள் ஒன்றையொன்று அழிக்கும் இடம் கறுக்கும், தேங்கிய நீர் அதைக் கூட்டும். வயிற்றின் மேல் டைஎலக்ட்ரிக் பேட் (அலையைச் சீராக்கும் மெத்தை) வையுங்க, இரட்டைச் செலுத்தி (இரு வழியாக அலை அனுப்பும் வசதி) இருந்தால் போடுங்க. நீர் நிறைய என்றால் 1.5தான் நல்லது.

இன்னொன்று முக்கியமுங்க: 1.5இன் எக்கோ நேரங்களான (அலை அனுப்பியதிலிருந்து சிக்னல் வாங்கும் வரையான நேரம்) 2.3, 4.6 மில்லி விநாடியை அப்படியே 3இல் போட்டால் இரண்டும் ஒத்தகட்டப் படமாகிவிடும் (நீர், கொழுப்பு சிக்னல்கள் கூடி வரும்), கல்லீரலில் உள்ள கொழுப்பே தெரியாது. அந்தச் சிக்னல்கள் ஒன்றையொன்று கழிக்கும் எதிர்கட்டத்துக்கு 1.15 வேணும்.