யூனிகார்னை எக்ஸ்சேஞ்ச்ல தள்ளிட்டு கிளாசிக் 350 எடுக்கலாமா? வீட்ல ஒரே சண்டை

திருமங்கலத்தான்:
வணக்கம் மக்களே, என்கிட்ட இருக்கது 2014 ஹோண்டா யூனிகார்ன் 150, கார்புரேட்டர் வண்டி, 82,000 கிமீ ஆச்சு. தினம் திருமங்கலத்துல இருந்து மாட்டுத்தாவணி போய்ட்டு வரணும், சுத்தி 50 கிமீ. இப்ப மூணு மாசமா ஹேண்டில் ஒருமாதிரி ஆடுது, செயின் சத்தம் தெருமுனைல வரும்போதே வீட்ல கேட்ட தொறந்துர்றாங்க, காலைல சோக் போட்டாத்தான் எந்திரிக்கும். ஷோரூம்ல கேட்டா ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 ஆன்ரோடு 2.3 லட்சம், என் வண்டிக்கு 16,000, மேல எக்ஸ்சேஞ்ச் போனஸ் 5,000ன்றாங்க. கைல 60,000 இருக்கு, மிச்சம் 1.5 லட்சம் லோன், 36 மாசம், 10 பெர்சன்ட் ஃபிளாட். வீட்டுக்காரம்மா வேணாங்குறா, மச்சினன் எடுங்குறான். என்ன பண்ண?

டக்டக்_ராஜா:
எடுங்கண்ணே, இதுல யோசிக்க என்ன இருக்கு. 2025 செப்டம்பர் 22ல இருந்து 350 சிசி வரைக்கும் ஜிஎஸ்டி 28ல இருந்து 18 ஆயிருச்சு, கிளாசிக் 349 சிசி, கரெக்டா உள்ள வந்துரும். அதோட உங்க வண்டில ஏபிஎஸ் (சடன் பிரேக்ல சக்கரம் லாக் ஆகாம பாத்துக்கறது) கெடையாது, ரிங்ரோட்ல ஒரு நாய் குறுக்க வந்தா தெரியும். பெட்ரோலும் இப்ப ஈ20, அதாவது 20 பெர்சன்ட் எத்தனால் கலந்தது, உங்க 2014 வண்டி அதுக்குன்னு செஞ்சதே இல்ல. 2029ல ஆர்சி வேற முடியுது, எஃப்சிக்கு (தகுதிச் சான்று) வண்டிய காட்டணும், பசுமை வரி கட்டணும், அப்ப இந்த 16,000 கூட எவனும் குடுக்க மாட்டான்.

ஸ்பேனர்_பாண்டி:
தம்பி ராஜா, ஜிஎஸ்டி கொறஞ்சதுனு சொன்னீங்களே, தமிழ்நாட்ல ஒரு லட்சத்துக்கு மேல உள்ள பைக்குக்கு ஆயுள் வரி 12 பெர்சன்ட், அதையும் சேத்து சொல்லணும்ல.

திருமங்கலத்து தம்பி, மொதல்ல வண்டிய சென்டர் ஸ்டாண்ட் போட்டு பின்னாடி ஒருத்தர உக்காரவச்சு முன்சக்கரத்த தூக்குங்க. ஹேண்டில ஒரு விரலால மெதுவா இங்கிட்டும் அங்கிட்டும் திருப்புங்க. நடுவுல வரும்போது ஒரு பள்ளத்துல விழுந்த மாதிரி டக்குனு நின்டுச்சுனா கோன்செட் (ஹேண்டில் திரும்புற எடத்துல இருக்க பேரிங்) போச்சுனு அர்த்தம், வேற ஒண்ணும் இல்ல. கோன்செட், செயின் ஸ்ப்ராக்கெட், கார்புரேட்டர் கழட்டி க்ளீனிங், ஈ20க்கு ஊதிப்போன ரப்பர் ஓரிங் எல்லாம் சேத்தாலும் 5,000 தாண்டாது. அந்த இன்ஜின் கைய வைக்காம இன்னும் நாப்பதாயிரம் ஓடும், நான் தினம் பாக்குறேன்.

டக்டக்_ராஜா:
மெக்கானிக் எப்பவும் பழைய வண்டியத்தான் வச்சுக்கச் சொல்வாரு, அவருக்கு அதுதான சோறு 😄

கோவை_வித்யா:
ஏனுங்க, எல்லாரும் இன்ஜினப் பத்தியே பேசறீங்க, லோனப் பாத்தீங்களா? 1.5 லட்சத்துக்கு 10 பெர்சன்ட் ஃபிளாட், மூணு வருசத்துக்கு வட்டி மட்டும் 45,000, மாசம் 5,417 வருது. ஃபிளாட்னா நீங்க திருப்பிக் கட்டிட்ட அசலுக்கும் சேத்து கடைசி மாசம் வரைக்கும் வட்டி போடறாங்கன்னு அர்த்தம்ங்க, குறையற பாக்கிக்கு மட்டும் கணக்குப் போட்டா இது கிட்டத்தட்ட 18 பெர்சன்ட். போனஸ்னு 5,000 குடுத்துட்டு இங்க வாங்கிக்கறாங்க. பெட்ரோலும் பாருங்க, மாசம் 1,300 கிமீ ஓட்டறீங்க, யூனிகார்ன் 50 குடுக்குது கிளாசிக் 35 குடுக்குதுன்னு வெச்சா 11 லிட்டர் அதிகம், லிட்டர் 101 ரூபான்னா ஆயிரத்துச் சொச்சம். ஆக மாசம் 6,500. உங்க சம்பளத்துல அது வலிக்காதுன்னா தாராளமா எடுங்க, நான் வேண்டாம்னு சொல்லல.

டக்டக்_ராஜா:
அக்கா இப்படி கணக்கு பாத்தா மனுசன் டீ கூட குடிக்க முடியாது. நான் மூணு வருசமா ஈஎம்ஐ கட்டுனேன், ஒருநாள் கூட வருத்தப்படல. கொடைக்கானல் மலை ஏறும்போது தேர்ட் கியர்லயே ஏறும் பாருங்க, 27 என்எம் டார்க், அதெல்லாம் எக்செல் ஷீட்ல வராது.

ஸ்பேனர்_பாண்டி:
அவரு கொடைக்கானலா போறாரு, மாட்டுத்தாவணி போறாரு. பெரியார் சிக்னல்ல 195 கிலோவ தள்ளிக்கிட்டு நிக்கணும். ஸ்போக் வீல் மாடல் எடுத்தீங்கன்னா ட்யூப் டயரு, ராத்திரி கப்பலூர் தாண்டி பஞ்சர்னா சக்கரத்தக் கழட்டணும், அதனால எடுக்குறதா இருந்தா ட்யூப்லெஸ் டயரு வர்ற அலாய் மாடலா பாத்து எடுங்க. அப்புறம் புது கிளாசிக்ல கிக்கர் கெடையாது, பேட்டரி படுத்தா தள்ளுறதுதான்.

பழைய_ஆர்எக்ஸ்:
யாரும் ஒரு விசயம் சொல்லல. எக்ஸ்சேஞ்ச்ல விட்ட வண்டி ஷோரூம்ல நிக்காது, புரோக்கர் கைக்குப் போகும். பேர் மாத்துற படிவம் 29, 30ல வெறும் கையெழுத்து வாங்கி வச்சுக்குவாங்க, அடுத்த ஆள் கிடைக்கிற வரைக்கும் ஆர்சி நம்ம பேர்லயே கெடக்கும். என் சகலை அப்படி விட்டு எட்டு மாசம் கழிச்சு விருதுநகர்ல எவனோ ஹெல்மெட் போடாம போனதுக்கு இவனுக்கு மெசேஜ் வந்துச்சு. அபராதம் கூடப் பரவால்ல, ஆக்சிடென்ட்னா? 2018லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு, ஆர்சில யார் பேரு இருக்கோ அவர்தான் ஓனர், இழப்பீடு அவர் தலைலதான்னு. பேர் மாறுன பிரின்ட்அவுட்ட கைல வாங்குற வரைக்கும் விடாதீங்க. இன்சூரன்ஸ்ல என்சிபி (கிளெய்ம் பண்ணாததுக்கு குடுக்குற தள்ளுபடி) இருந்தா அதுவும் உங்களோடது, புது வண்டிக்கு மாத்தச் சொல்லுங்க.

1996ல தயாரிப்பு நின்னுபோய் இப்ப எல்லாரும் தேடுற யமஹா ஆர்எக்ஸ் 100ஐ நான் ஏழாயிரத்துக்கு வித்தவன், அதப் பத்தி கேக்காதீங்க.

டக்டக்_ராஜா:
சித்தப்பா, யூனிகார்ன் எந்தக் காலத்துலயும் ஆர்எக்ஸ் ஆகாது 😂

ஸ்பேனர்_பாண்டி:
தம்பி, குடுக்குறதுனு முடிவானா 16,000க்கு குடுக்காதீங்க. நானே 28,000 தர்றேன், பேர் மாத்துற செலவும் என்னோடது.

டக்டக்_ராஜா:
ஆஹா! பாத்தீங்களா! இவ்ளோ நேரம் வண்டி தங்கம் தங்கம்னு சொன்னதே இதுக்குத்தானா?

ஸ்பேனர்_பாண்டி:
யோவ், தூக்கி எறியுற வண்டின்னா நான் ஏன்யா காசு குடுக்கப்போறேன்? அதத்தான மொதல்ல இருந்து சொல்லிட்டு இருக்கேன். வாங்க நெனக்கிறவன் வண்டி சரியில்லனுதான சொல்வான், அஞ்சாயிரத்துல சரி ஆயிரும்னா சொல்வான்?

கோவை_வித்யா:
அண்ணன் சொல்றதும் நாயந்தானுங்க. ஆனா ரெண்டு பேர் விலைக்கும் நடுவுல 12,000 இருக்கு, போனஸ் போனாலும் 7,000 மிச்சம். எக்ஸ்சேஞ்ச்ங்கற பேச்ச இத்தோட விட்டுருங்க.

திருமங்கலத்தான்:
எல்லாருக்கும் நன்றி. பாண்டி அண்ணே, வீல தூக்கிப் பாத்தேன், நீங்க சொன்ன மாதிரியே நடுவுல டக்குனு விழுது. நேத்து அப்பாவ கூட்டிட்டு டெஸ்ட் ரைடும் போனேன். மூட்டுவலிக்காரர், பின்சீட்ல ஏற ஸ்டாண்ட் போட்டு ரெண்டு பேர் பிடிக்க வேண்டியதாப்போச்சு, ஏறுனதுக்கப்புறம் 'நல்லாத்தான்டா இருக்கு, எறங்குறது எப்படி'ன்னு கேக்குறாரு. அந்தப் பக்கம் வீட்டுக்காரம்மா கிளாசிக் சத்தத்தக் கேட்டுட்டு இப்ப எடுங்கன்றா, இது வேற தலைவலி. ஞாயித்துக்கெழமை கோன்செட்டும் செயினும் மாத்துறேன், ஓட்டிப் பாத்துட்டு சொல்றேன்.

டக்டக்_ராஜா:
அண்ணிதான் நம்ம கட்சி. பொங்கலுக்கு எதாவது ஆஃபர் போட்டா சொல்றேண்ணே.

ஸ்பேனர்_பாண்டி:
செயின் மாத்தும்போது ஸ்ப்ராக்கெட் ரெண்டையும் சேத்து மாத்துங்க, செயின் மட்டும் போட்டா மூணே மாசம். 28,000 பொங்கல் வரைக்கும் அப்படியே இருக்கும்.