இரண்டே மாதத்தில் உரியும் பெயிண்ட்: மீதி 18,000 ரூபாயைக் கொடுக்கலாமா?

கிழக்குத்தாம்பரம்:
அனைவருக்கும் வணக்கம். தை மாதம் தங்கைக்குத் திருமணம். அதற்காக ஐப்பசியில் வீட்டின் உள்சுவர்கள் முழுவதற்கும் பெயிண்ட் அடித்தோம். வீடு கட்டிப் பதினெட்டு வருடமாகிறது. சுவர் அளவு 2,400 சதுர அடி. பொருளும் கூலியும் சேர்த்து 58,000 ரூபாய். பழைய டிஸ்டெம்பர் பூச்சைச் சுரண்டி எடுத்து, இரண்டு கை பட்டி (சுவரை மட்டமாக்கும் மாவு) பார்த்து, ஒரு கை பிரைமர் (அடிப்பூச்சு), அதன்மேல் இரண்டு கை எமல்ஷன் (மேல் பெயிண்ட்) என்பது பேச்சு. 40,000 கொடுத்துவிட்டோம். மார்கழி பிறந்ததுமே கூடத்துச் சுவரில் இடுப்பு உயரம் வரை கொப்புளம் கிளம்பிவிட்டது. காண்டிராக்டரைக் கூப்பிட்டால், "சுவரில் ஓதம், நான் என்ன செய்வது?" என்கிறார். மீதி 18,000 கேட்டுத் தினமும் போன் வேறு. ஒரு ரூபாய்கூடத் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். செய்தது சரிதானா?

சாரம்_சேலம்:
22 வருடமாக இதே தொழிலில் இருக்கிறேன், சகோதரி. கொப்புளம் வந்தாலே பெயிண்டரைக் குற்றம் சொல்வதை ஏற்க முடியாது. அந்தச் சுவருக்குப் பின்னால் குளியலறை இருக்கிறதா? எமல்ஷன் சுவர்மேல் தோல் போலப் படிகிறது. உள்ளே ஈரம் இருந்தால் அது அந்தத் தோலைத் தள்ளிக்கொண்டுதான் வெளியே வரும், உப்பும் பூக்கும். அதுவும் ஐப்பசி அடைமழையில் பழைய சுவர் எப்படிக் காயும்? கல்யாணத் தேதியைச் சொல்லி நீங்கள் அவசரப்படுத்தியிருப்பீர்கள். இந்த வேலைக்கு மற்றவர்கள் எவ்வளவு கேட்டார்கள் என்பதையும் எழுதுங்கள்.

கிழக்குத்தாம்பரம்:
பின்னால் குளியலறைதான். இன்னொருவர் 85,000 கேட்டார். அது எங்கள் கைக்கு எட்டாத தொகை. பத்து நாளில் முடிக்க வேண்டும் என்று சொன்னதும் உண்மை.

முத்துநகர்:
சேலத்து நண்பரே, குறைந்த விலைக்கு ஒப்புக்கொண்டது யார்? ஓதம் அடித்த சுவர் என்று தெரிந்தால் பிரஷ்ஷைத் தொடும் முன்பே, "இதில் பெயிண்ட் நிற்காது" என்று சொல்ல வேண்டும். தெரியவில்லை என்றால் அது அவருடைய தொழில் குறை. இரண்டுக்கும் வீட்டுக்காரர் எப்படிப் பொறுப்பாவார்?

அம்மா, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 சேவைக் குறைபாட்டையும் தெளிவாகச் சொல்கிறது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான சேவை என்றால் புகார்க் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் கொடுத்தால் போதும். முதலில் 1915 என்ற உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள்.

கூடல்வாசி:
ஆணையத்துக்குப் போகலாம் என்பது சரி. ஆனால் சட்டப் புத்தகத்தில் மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று இருப்பது நடைமுறையில் எத்தனை வாய்தா ஆகும் என்று போய் வந்தவர்களைக் கேளுங்கள். என் கவலை வேறு. முழுப் பாக்கியையும் நிறுத்தினால் காண்டிராக்டருக்கு வலிக்காது. அவரிடம் தினக்கூலிக்கு வந்த பையன்களுக்குத்தான் வலிக்கும். நன்றாக நின்ற வேலைக்குக் காசைக் கொடுங்கள், கெட்ட வேலைக்குப் பிடித்துக்கொள்ளுங்கள்.

முத்துநகர்:
எது நின்றது, எது கெட்டது என்று யார் தீர்மானிப்பது? பணத்தைக் கொடுத்த மறுநாள் அவர் போனை எடுக்க மாட்டார். அந்த 18,000 மட்டும்தான் இப்போது அம்மாவின் கையில் இருக்கிறது.

சாரம்_சேலம்:
தீர்மானிக்க வழி இருக்கிறது. சகோதரி, ஒரு முழ அளவுக்குத் தடித்த பாலிதீன் தாளை எடுத்து நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். ஒருநாள் முழுக்க விட்டு எடுத்துப் பாருங்கள். சுவரைத் தொடும் பக்கத்தில் நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. கூடத்தில் ஒன்று, குளியலறை ஒட்டாத சுவரில் ஒன்று ஒட்டுங்கள். பெயிண்ட் வாளியைப் படம் எடுத்திருந்தால் அதையும் பாருங்கள்.

கிழக்குத்தாம்பரம்:
சொன்னபடி செய்தேன். கூடத்துத் தாளின் உட்புறம் முத்து முத்தாக நீர். அந்தச் சுவரைப் பற்றி நான் பேசியது தவறு, ஒப்புக்கொள்கிறேன்.

படுக்கையறையில் ஒட்டிய தாளில் பொட்டு ஈரமில்லை. ஆனால் டேப்பை இழுத்தபோது பெயிண்டும் அதனுடனேயே வந்துவிட்டது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரே ஏடாக, அப்பளம் போல. அதன் பின்பக்கம் நீலமாக இருந்தது. எங்கள் பழைய டிஸ்டெம்பரின் நிறம் அது! சுவரைத் தடவினால் விரலில் நீல மாவு ஒட்டுகிறது. பட்டியும் இல்லை, பிரைமரும் இல்லை. மற்ற இரண்டு அறைகளிலும் கதவுக்குப் பின்னால் டேப் ஒட்டி இழுத்துப் பார்த்தேன், அதே கதைதான். சுரண்டினோம் என்று சொன்ன நாளில் நான் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். அவர் சொன்னதை நம்பினேன். படத்தில் இருப்பது ஒரே ஒரு 10 லிட்டர் எமல்ஷன் வாளி. வேறு வாளி வரவில்லை என்று எங்கள் அம்மா உறுதியாகச் சொல்கிறார்.

சாரம்_சேலம்:
இதை எழுத வருத்தமாக இருக்கிறது. நல்ல எமல்ஷன் ஒரு லிட்டர், இரண்டு கைக்கு 120 முதல் 140 சதுர அடி வரை வரும். 2,400 சதுர அடிக்கு 17 லிட்டராவது வேண்டும். 10 லிட்டரில் முடித்திருக்கிறார் என்றால் ஒரு கைதான் அடித்திருக்க வேண்டும். அல்லது அளவுக்கு மீறித் தண்ணீர் கலந்திருக்க வேண்டும். மாவு உதிரும் டிஸ்டெம்பர்மேல் எதை அடித்தாலும் நிற்காது என்பது முதல் வருடம் பிரஷ் பிடித்தவனுக்கே தெரியும். 58,000 கட்டாது என்றால் பட்டி பார்க்க முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லாமல் பட்டிக்கும் சேர்த்துக் காசு வாங்கியது ஏமாற்று. அறைகளைப் பொறுத்தவரை நான் அவருக்காகப் பேச மாட்டேன்.

கூடத்துச் சுவருக்கு மட்டும் என் பேச்சு மாறாது. குளியலறையில் டைல்ஸ் இணைப்பையும் குழாயையும் சரிபார்க்காமல் எவர் வந்து அடித்தாலும் திரும்பக் கொப்பளிக்கும். கசிவை அடைத்து, பூச்சு வரை சுரண்டி, பங்குனி வெயில் வரை சுவரைக் காயவிடுங்கள். கல்யாணத்துக்காக மறுபடியும் அவசரமாக அடிக்காதீர்கள்.

முத்துநகர்:
கூடத்தைக் கணக்கிலிருந்து விட்டுவிடுகிறேன். மூன்று அறைகளுக்கும் சேர்த்து, செய்யாத வேலை எது எது என்று பட்டியலிட்டு, 15 நாள் கெடு வைத்து, பெற்றதற்கான ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்புங்கள். போனில் பேசுவதை நிறுத்திவிடுங்கள். பாக்கியில் பைசா கொடுக்கக் கூடாது. ஏற்கெனவே கொடுத்த 40,000 ரூபாயிலும் ஒரு பகுதியைத் திருப்பிக் கேளுங்கள்.

கூடல்வாசி:
வேலை செய்த பையன்களிடம் யாராவது பேசினீர்களா?

கிழக்குத்தாம்பரம்:
நேற்று மாலை பேசினேன். இரண்டு பேர், ஒருவனுக்கு இருபது வயதுகூட இருக்காது. "சுரண்ட வேண்டாம், நேரமில்லை, மேலேயே அடி" என்று காண்டிராக்டர் சொன்னாராம். ஆளுக்கு நான்கு நாள் கூலி இன்னும் வரவில்லையாம். நான் பணம் தரவில்லை என்று அவர்களிடம் காரணம் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டபின் இரவு தூக்கம் வரவில்லை. அந்தக் கூலியை நானே நேராக அவர்கள் கையில் கொடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

முத்துநகர்:
வேண்டாம் அம்மா. கூலி கொடுக்க வேண்டியது அவர். நீங்கள் கொடுத்தால் வேலையை ஏற்றுக்கொண்டீர்கள் என்று நாளை அவர் பேசுவார்.

கூடல்வாசி:
கொடுங்கள். எத்தனை நாள் கூலி, எவ்வளவு என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள். "சுரண்ட வேண்டாம்" என்று அவர் சொன்னதையும் எழுதித் தர அவர்களுக்கு மனமிருந்தால் வாங்குங்கள், வற்புறுத்தாதீர்கள். நாளை அவர்கள் அதே ஆளிடம்தான் வேலைக்குப் போக வேண்டும்.

கிழக்குத்தாம்பரம்:
கொடுக்கத்தான் போகிறேன். முத்துநகர் ஐயா கோபப்படக் கூடாது. கடிதம் எழுதிவிட்டேன், கூடத்துச் சுவரை அதில் சேர்க்கவில்லை. திங்கட்கிழமை பள்ளி விட்டதும் தபால் நிலையம் போகிறேன்.

சாரம்_சேலம்:
வாளிப் படத்தின் நகலையும் கடிதத்தோடு வையுங்கள், சகோதரி. உரிந்து வந்த அந்த ஏட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நீலம் ஒட்டிய பக்கம் தெரியும்படி ஓர் உறையில் போட்டு வையுங்கள்.