டயட்டீஷியன் இன்டர்ன்ஷிப்: கிளினிக்கல் ப்ரிசெப்டர் கிடைக்கல, ஹெல்ப் ப்ளீஸ்

கீரைவடை: அவசரம்ங்க. அமெரிக்காவுல டிஸ்டன்ஸ் இன்டர்ன்ஷிப், ப்ரிசெப்டரை (கூட இருந்து ட்ரெயினிங் கொடுக்கிறவங்களை) நாமளே பிடிச்சுக் கொடுக்கணுமாம். கம்யூனிட்டிக்கும் ஃபுட் சர்வீஸுக்கும் ஆள் இருக்கு. கிளினிக்கலுக்கு ஒரு ஆஸ்பத்திரியும் பதில் போடல. என்ன பண்றது?

ரசம்சாதம்: எந்த ஸ்டேட்? என்ன விசா? டிபிடி (டயட்டெடிக்ஸ் பாடப் படிப்பு) முடிச்ச வெரிஃபிகேஷன் ஸ்டேட்மென்ட் கையில இருக்கா? மாஸ்டர்ஸ் எங்க படிச்சது? ஒண்ணும் சொல்லாம கேட்டா எப்படிங்க?

ஜெர்சிமாமா: மாசத்துக்கு ஒருத்தர் இதே கேள்வியோட வர்றீங்க. பழைய இழையைப் புரட்டினா குறைஞ்சா போயிடுவீங்க? 2024 ஜனவரி 1-லேர்ந்து மாஸ்டர்ஸ் இல்லாம, டயட்டீஷியன் ஆகுறதுக்கான சிடிஆர் பரீட்சையே எழுத முடியாது. முதல்ல அதைப் பாருங்க, 1200 மணி நேர ட்ரெயினிங் கவலை அப்புறம்.

கீரைவடை: சாரி. டல்லாஸ் பக்கம், ஹெச்4 (டிபெண்டன்ட் விசா). எம்.எஸ்சி. ஊர்ல. டிபிடி இங்க முடிச்சு ஸ்டேட்மென்ட் வாங்கியாச்சு.

ட்யூப்ஃபீட்: மெயில் யாருக்குப் போகுது? ஹெச்.ஆருக்குப் போனா குப்பைதான். கிளினிக்கல் நியூட்ரிஷன் மேனேஜர்தான் முடிவு பண்ணுவாங்க. பல பெரிய ஆஸ்பத்திரியில கிச்சனும் டயட்டீஷியன்களும் சோடெக்ஸோ, மாரிசன் மாதிரி கான்ட்ராக்ட் கம்பெனி ஆளுங்க, அதனால ஆஸ்பத்திரி வெப்சைட்ல பேரே இருக்காது. மெயின் நம்பருக்கு ஃபோன் போட்டு "டயட் ஆபீஸ் கனெக்ட் பண்ணுங்க"னு கேளுங்க. காலை ட்ரே போற நேரத்துல வேண்டாம், ரெண்டு மணிக்கு மேல போடுங்க.

இன்னொண்ணு, மொத்தத்தையும் ஒரே ஆள் தலையில கட்டாதீங்க. டயாலிசிஸ் சென்டர்ல ரெண்டு வாரம், நர்சிங் ஹோம்ல மூணு வாரம்னு பிரிச்சிடுங்க. ஐசியூ, ட்யூப் ஃபீடிங், டிபிஎன் (ரத்தக்குழாய் வழியா ஊட்டம்) பகுதிக்கு மட்டும் ஆஸ்பத்திரி கேட்டா "ஆறு வாரம்தானே"னு யோசிப்பாங்க. பிரிக்கிறதுக்கு முன்னாடி ப்ரோக்ராம் டைரக்டர்கிட்ட ஓகே வாங்கிடுங்க.

பாவக்கா: ஆள் கிடைச்சாலும் பாதி பேர் மாட்டிக்கிறது காலேஜும் ஆஸ்பத்திரியும் போடுற அஃபிலியேஷன் அக்ரிமென்ட்லதான். காலேஜ் வக்கீலும் ஆஸ்பத்திரி வக்கீலும் இன்சூரன்ஸ் ஷரத்தைப் பிடிச்சு மாசக்கணக்கா இழுப்பாங்க. ஏற்கெனவே கையெழுத்தாகி நடப்புல இருக்கிற இடங்களோட லிஸ்ட்டை ப்ரோக்ராம்ல கேளுங்க. டெக்ஸாஸ்ல ஒண்ணு இருந்தாலும் அங்கேயிருந்து ஆரம்பிங்க.

ரசம்சாதம்: மாமா, 1200 பழைய கணக்கு. ப்ரோக்ராமுக்கு அங்கீகாரம் தர்ற ஏசெண்டோட 2022 விதிப்படி குறைஞ்சது 1000. அதுலயும் 300 வரைக்கும் சிமுலேஷன், கேஸ் ஸ்டடி வைக்கலாம்.

ஜெர்சிமாமா: குறைஞ்சபட்சம்னாலே என்னன்னு தெரியுமா? ப்ரோக்ராம் 1200 வச்சா 1200 செஞ்சுதான் ஆகணும். 300 மணி பொம்மை நோயாளியைப் பார்த்துட்டு வார்டுல போய் என்ன கிழிக்கப் போறாங்க?

ரசம்சாதம்: விதின்னு சொன்னா விதியைச் சொல்லுங்க. உங்க அபிப்ராயத்தை யார் கேட்டா?

ட்யூப்ஃபீட்: ரெண்டு பேரும் தனி இழை போட்டு அடிச்சுக்கோங்க. கீரைவடை, ஊர் எம்.எஸ்சி.யை எவாலுவேட் பண்ணியாச்சா? சில சமயம் அமெரிக்க பேச்சலர்ஸ்க்குத்தான் சமம்னு ரிப்போர்ட் வரும். அப்படி வந்தா மாஸ்டர்ஸோட சேர்ந்த இன்டர்ன்ஷிப்தான் தேடணும்.

பாவக்கா: ஹெல்த் பேப்பரை இப்பவே ஆரம்பிங்க. நமக்கு பிசிஜி தடுப்பூசி போட்டிருக்கிறதால டிபி ஸ்கின் டெஸ்ட் சும்மாவே பாசிட்டிவ் காட்டலாம், காட்டினா அப்புறம் எக்ஸ்ரேன்னு அலையணும். க்வான்டிஃபெரான் ரத்தப் பரிசோதனை ஏத்துக்குவாங்களான்னு கேட்டு அதையே எடுங்க, அதுக்கு பிசிஜியால பாதிப்பு இல்ல. ஹெப்பாடைட்டிஸ் பி டைட்டர்ல (ரத்தப் பரிசோதனை) எதிர்ப்பு சக்தி இல்லேன்னா மூணு டோஸ் ஊசி முடிக்க ஆறு மாசம் ஆகும். கடைசி நேரத்துல நிறைய பேர் இதுலதான் மாட்டுறாங்க. பேக்ரவுண்ட் செக், டிரக் ஸ்க்ரீன் ரெண்டும் மட்டும் சேர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி எடுத்தாப் போதும், சீக்கிரம் எடுத்தா காலாவதியாயிடும்.

மோர்க்களி: ஹெச்4-ல இன்டர்ன்ஷிப்பே பண்ணக் கூடாதுன்னு கேள்விப்பட்டேனே?

ட்யூப்ஃபீட்: படிக்கத் தடையில்ல, ஈஏடி (வேலை அனுமதி அட்டை) இல்லாம வேலைதான் செய்யக் கூடாது. ஸ்டைபெண்ட் தர்ற இடத்தைத் தொடாதீங்க. சம்பளமில்லாத ரொட்டேஷனுக்கும் காலேஜ் இன்டர்நேஷனல் ஆபீஸ்ல எழுத்துல பதில் வாங்கி வச்சுக்கோங்க, வாய்வார்த்தை வேண்டாம்.

கீரைவடை: டயட் ஆபீஸ்ல ஒருத்தங்க பேசினாங்க, ரெஸ்யூமே அனுப்பச் சொன்னாங்க. டிபிக்கு நாளைக்கு ரத்தம் கொடுக்கப் போறேன். எல்லாருக்கும் தேங்க்ஸ்ங்க.

பாவக்கா: நல்லது. அந்த ஆஸ்பத்திரி அக்ரிமென்ட் லிஸ்ட்ல இருக்கா?

பாவக்கா: எவாலுவேஷன் ரிப்போர்ட்ல என்ன வந்திருக்குன்னும் சொல்லல நீங்க.